ஒருவர் தூங்க, ஒருவர் விழிக்க

1970களின் பிற்பகுதியில் ஒரு கணவனும் மனைவியும் ஜப்பானிலிருந்து புறப்பட்டு, வட பசிபிக்கைக் கடந்து கனடா போய்ச் சேர்ந்தார்கள். தூரம் 4,000 கடல்மைலுக்கு மேல். அவர்கள் போன பாய்மரப் படகின் நீளம் 24 அடி; நம் ஊர் டவுன் பஸ்கூட அதைவிட நீளம். படகில் இன்ஜின் கிடையாது. விளக்கு எரிந்தது மண்ணெண்ணெயில். எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள, சூரியனையும் நட்சத்திரங்களையும் அளக்கும் செக்ஸ்டன்ட் கருவி மட்டும்தான். நடுவில் ஒரு கரையும் தொடாமல் 49 நாள் போனார்கள். சராசரி வேகத்தைக் கணக்கிட்டால் மணிக்கு ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர்தான் தேறும்.

கணவர் பெயர் லாரி பார்டி, கனடாக்காரர். மனைவி லின் பார்டி, அமெரிக்கர். 1965இல் கலிபோர்னியாவில் சந்தித்தார்கள். சேர்ந்து ஒரு மரப்படகைக் கட்டி, ‘செராஃபின்’ என்று பெயர் வைத்து 1968இல் கடலில் இறக்கினார்கள். அதிலேயே பதினொரு ஆண்டு உலகம் சுற்றினார்கள். பிறகு ‘தலைசின்’ என்று இன்னொரு படகைக் கட்டினார்கள். அதுவும் 30 அடியைத் தொடவில்லை, அதிலும் இன்ஜின் இல்லை. அந்தப் படகில்தான் 2002இல், தென் அமெரிக்காவின் தென்கோடியில் உள்ள கேப் ஹார்ன் முனையை, ஓயாமல் வீசும் மேல்காற்றை எதிர்த்துக் கிழக்கிலிருந்து மேற்காகச் சுற்றிவந்தார்கள். அப்போது லாரிக்கு வயது 62.

சிறு படகில் பெருங்கடல் தாண்டுவது என்றதும் கேட்பவர் மனத்தில் முதலில் எழுவது புயலும் சுறாவும்தான். போய்வந்தவர்கள் எழுதியதைப் படித்தால் அவர்கள் கவலை வேறு இடத்தில் இருப்பது தெரிகிறது. அவர்கள் அதிகம் பேசுவது தூக்கத்தைப் பற்றி.

நடுக்கடலில் படகை நிறுத்திவைத்துவிட்டு இருவரும் சேர்ந்து உறங்க முடியாது. நங்கூரம் போட அங்கே ஆழம் ஆயிரக்கணக்கான மீட்டர். படகு இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். யாராவது ஒருவர் விழித்திருந்து கடலைப் பார்க்க வேண்டும். சிறு படகில் நிற்பவரின் கண் நீர்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அவருக்குத் தெரியும் அடிவானம் வெறும் மூன்று கடல்மைலில் முடிந்துவிடும். பெரிய சரக்குக் கப்பல் உயரமானது என்பதால் அதற்கும் அப்பாலிருந்தே தலைகாட்டும். ஆனால் அது 20 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டரில் வரும். ஐந்து கடல்மைல் தள்ளி ஒரு விளக்கு கண்ணில் பட்டால், கால் மணி நேரத்தில் அது படகின் மேல் ஏறிவிடலாம். சரக்குக் கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் மாலுமிக்கு அலைகளுக்கு நடுவே ஒரு 24 அடிப் படகு தெரியும் என்று நம்பி இருக்க முடியாது. அதனால் காவலில் இருப்பவர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது எழுந்து நான்கு திசையும் சுற்றிப் பார்த்தாக வேண்டும்.

பார்டி தம்பதி இரவில் மூன்று மணி நேரம் காவல், மூன்று மணி நேரம் தூக்கம் என்று முறை வைத்துக்கொண்டார்கள். நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளும் தம்பதிகளும் உண்டு. எப்படிப் பிரித்தாலும் கணக்கு ஒன்றுதான்: ஆள் இரண்டு பேர், ஆனால் வேலைக்கு எப்போதும் ஒருவர். கணவனும் மனைவியும் சேர்ந்து போகும் பயணம் என்று வெளியே தெரிந்தாலும், இரவுகளில் அது ஒருவர் மாற்றி ஒருவர் தனியாகப் போகும் பயணம். மூன்று மணிக்கு எழுப்பப்பட்டவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மேலே வருகிறார்; காற்று எந்தப் பக்கம், கப்பல் ஏதாவது தெரிந்ததா என்று இரண்டு வார்த்தை கேட்கிறார்; மற்றவர் இன்னும் சூடாறாத அதே படுக்கைக்குள் போய்விடுகிறார். ஒரே படகில் இருந்தும், பகலில் சாப்பாட்டு நேரத்தில்தான் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்கிறார்கள்.

இந்தப் பயணத்தின் மற்ற எல்லா ஏற்பாடுகளும் இந்த ஒரு விஷயத்திலிருந்தே பிறக்கின்றன. படகின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். லின் ஐந்தடிகூட இல்லை. நான்கு அடி பத்து அங்குலம். நள்ளிரவில் காற்று திடீரென்று ஏறும்போது பாயைச் சுருக்கிக் கட்ட வேண்டும். அதை லின் தனியாகச் செய்ய முடியாவிட்டால் லாரியை எழுப்பியாக வேண்டும். ஒருமுறை எழுப்பலாம், இரண்டு முறை எழுப்பலாம். வாரக்கணக்கில் அப்படி எழுப்பிக்கொண்டே இருந்தால் இருவருமே தூக்கம் கெட்டுத் தடுமாறத் தொடங்குவார்கள். தடுமாறுகிறவர்தான் கடலில் விழுகிறார். ஆகவே இருவரில் பலம் குறைந்தவரால் தனியாகக் கையாள முடிகிற படகாக இருக்க வேண்டும். ஒரே வடிவத்தில் நீளத்தை இரண்டு மடங்காக்கினால் பாயின் பரப்பு நான்கு மடங்காகும், எடை எட்டு மடங்காகும். 24 அடிப் படகில் கையால் இழுத்துக் கட்டக்கூடிய கயிற்றுக்கு 48 அடிப் படகில் இயந்திரத்தின் உதவி வேண்டும்.

சிறு படகுக்குக் குறையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நீளம் குறைந்தால் வேகம் குறையும். ஒவ்வொரு அலைக்கும் தூக்கிப் போடும். சாமான் வைக்க இடம் இராது. இன்று கடல் தாண்டும் தம்பதிகளில் பலர் 40 அடிப் படகுகளில் போகிறார்கள். பொத்தானை அழுத்தினால் பாய் சுருள்கிறது. பொத்தான் வேலை செய்யும்வரை அதில் தவறில்லை. உப்புக்காற்றில் மின்கருவிகள் கெட்டுப்போவது அன்றாட நிகழ்ச்சி என்பதையும், கெட்ட பிறகு அந்தப் பெரிய பாயை ஒருவர் கையால் இறக்க வேண்டியிருக்கும் என்பதையும் படகு வாங்கும்போதே யோசிக்க வேண்டும். சிறு படகுதான் வேண்டும் என்ற பார்டி தம்பதியின் பிடிவாதம் சரியானது என்றே தோன்றுகிறது.

காவலில் இருப்பவர் மூன்று மணி நேரமும் சுக்கானைப் பிடித்துக்கொண்டே இருந்தால் கை ஓய்ந்துவிடும். அந்த வேலையைச் செய்ய ஓர் எளிய பொறி இருக்கிறது. படகின் பின்முனையில் ஒரு மெல்லிய தகடு காற்றின் திசைக்கு நேராக நிறுத்தப்பட்டிருக்கும். படகு தன் வழியிலிருந்து விலகியவுடன் காற்று அந்தத் தகட்டில் பக்கவாட்டில் மோதி அதைச் சாய்க்கும். தகடு சாய்ந்தால் சுக்கானின் பின்விளிம்பில் உள்ள ஒரு சிறு பலகை திரும்பும். ஓடும் நீரின் விசை அந்தப் பலகையில் பட்டு சுக்கானையே திருப்பும். படகு பழைய வழிக்கு வந்ததும் தகடு நிமிர்ந்துவிடும். மின்சாரம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். சாப்பாடு கேட்காத மூன்றாவது ஆள். ஒரே ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அது காற்றைப் பார்த்து ஓட்டுகிறதே தவிர திசைகாட்டியைப் பார்த்து அல்ல. நள்ளிரவில் காற்று திரும்பினால் படகும் சத்தமில்லாமல் கூடவே திரும்பிவிடும்.

இந்தப் பொறியால் ஓர் ஆபத்தும் உண்டு. மனைவி கீழே உறங்குகிறார், கணவர் மேலே கால் வழுக்கிக் கடலில் விழுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படகு நிற்காது. பொறி அதை ஒழுங்காக ஓட்டிக்கொண்டே போகும். ஐந்து நாட் வேகத்தில் பத்து நிமிடம் போனால் ஒன்றரை கிலோமீட்டர். மனைவி காவலுக்கு எழுந்து வரும்போது தேடுவதற்கு எந்த இடம் என்றுகூடத் தெரியாது. இதனால்தான் அனுபவமுள்ள தம்பதிகள் ஒரு விதியை மீறுவதே இல்லை: தனியாகக் காவலில் இருப்பவர் மார்புவாரை மாட்டி, அதன் கயிற்றைப் படகில் கொளுவிக்கொள்ளாமல் அறைக் கதவைத் தாண்டி வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. அமைதியான கடலானாலும் அப்படித்தான்.

அந்தக் கயிறும் சில நேரம் அறுந்துபோகும். மைல்ஸ் ஸ்மீட்டனும் அவர் மனைவி பெரிலும் 46 அடி நீள ‘ட்சூ ஹாங்’ படகில் 1957 பிப்ரவரியில் கேப் ஹார்ன் நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு பேரலை படகைப் பின்னாலிருந்து தூக்கித் தலைகீழாகப் புரட்டியது. சுக்கான் பிடித்திருந்த பெரில் கயிறு அறுந்து கடலில் எறியப்பட்டார். கழுத்தெலும்பு முறிந்த நிலையிலும் நீந்திவந்து, ஒடிந்து மிதந்த பாய்மரத்தின் கயிறுகளைப் பற்றிக்கொண்டு படகை அடைந்தார். அந்தப் பயணத்தில் மூன்றாவது ஆளாக ஜான் கஸ்வெல் என்ற இளைஞர் இருந்தார், கைதேர்ந்த தச்சர். பிளந்த தளத்தை அடைத்து, தற்காலிகப் பாய்மரம் செய்து, சிலி கரைக்குப் படகைக் கொண்டுசேர்த்தார்கள். பழுதுபார்த்துவிட்டு அதே ஆண்டு டிசம்பரில் கணவனும் மனைவியும் மட்டும் மறுபடி புறப்பட்டார்கள். மறுபடியும் படகு உருண்டது, மறுபடியும் பாய்மரம் ஒடிந்தது. இந்தத் தடவை இருவராகவே சிலிக்குத் திரும்பினார்கள். 1968இல்தான் அந்த முனை அவர்களுக்கு வசப்பட்டது.

புயலில் இருவர் மட்டும் என்ன செய்வது என்ற கேள்விக்கு பார்டி தம்பதி தந்த பதில் பாய்மரக்காரர்களிடையே இன்றும் விவாதிக்கப்படுகிறது. புயலுக்கு முன்னால் ஓடாதே, படகை நிறுத்திப் போடு என்பது அவர்கள் கட்சி. பாயை மிகச் சிறிதாக்கி, சுக்கானைக் காற்றை நோக்கித் திருப்பிக் கட்டிவிட்டால், படகு முன்னேறவும் முடியாமல் திரும்பி ஓடவும் முடியாமல் அலைக்குச் சாய்வாக நின்று மெதுவாகப் பக்கவாட்டில் நழுவும். நழுவும்போது காற்று வரும் பக்கத்து நீரில் ஒரு சுழல்பரப்பு உண்டாகிறது. பாய்ந்துவரும் அலையின் முகடு அந்தப் பரப்பில் விழுந்து வலுவிழக்கிறது. காற்று இன்னும் கடுமையாகிப் படகு நிற்க மறுத்தால், படகின் முன்முனையிலிருந்து நீளமான கயிற்றில் பாராசூட் போன்ற ஒரு கடல்நங்கூரத்தை விடுவார்கள். அது நீரைப் பிடித்துக்கொண்டு படகை இழுத்து நிறுத்தும். 1979இல் இங்கிலாந்து – அயர்லாந்துக் கடலில் நடந்த ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் புயலில் சிக்கின, போட்டியாளர்களில் 15 பேர் இறந்தார்கள். அந்தப் புயலில் இப்படி நிறுத்திப் போட்ட படகு எதுவும் உருண்டு கவிழவில்லை என்பதை பார்டி தம்பதி தங்கள் வாதத்துக்குச் சான்றாகக் காட்டினார்கள். எல்லாப் படகுக்கும் இது பொருந்தாது. அடிப்பகுதி குறுகிய இன்றைய வேகப் படகுகள் இப்படி நிற்க மறுக்கும். ஆனால் இருவருக்கு இதில் ஒரு பெரிய லாபம் உண்டு. ஓடும் படகுக்குப் புயல் முழுக்கச் சுக்கானில் ஓர் ஆள் வேண்டும். நிறுத்திப் போட்ட படகில் இருவரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உடம்பைக் கிடத்தலாம்.

ஜப்பானிலிருந்து கனடா போன அந்த 49 நாள் பயணத்தில் லின் நாள்தோறும் சமைத்ததைக் குறித்துவைத்தார். அந்தக் குறிப்புகளிலிருந்தே, கப்பலில் இருப்பவர்களுக்குச் சோறாக்கிப் போடுவதும் அவர்களைத் தளராமல் பார்த்துக்கொள்வதும் எப்படி என்று ஒரு புத்தகம் உருவானது, 1980இல் வெளிவந்தது. சமையல் புத்தகம் என்று அதை ஒதுக்கியவர்கள் ஏமாந்தார்கள். குளிர்பெட்டி இல்லாத படகில் முட்டைக்கு வாசலின் தடவி, சில நாளுக்கு ஒருமுறை திருப்பிவைத்தால் வாரக்கணக்கில் கெடாது. முட்டைக்கோசும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் காற்றோட்டத்தில் இருந்தால் கடைசிவரை வரும். தண்ணீர்தான் எல்லாவற்றுக்கும் மேல். ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் என்று வைத்தால், இருவருக்கு 49 நாளுக்கு ஏறத்தாழ 200 லிட்டர். காற்று விழுந்து பயணம் நீண்டால் என்ன செய்வது என்று அதற்கு மேலும் பாதி. பாத்திரம் கழுவ உப்புநீர். மழை வந்தால் பெரிய பாயிலிருந்து வழியும் முதல் நீர் உப்பைக் கழுவிக்கொண்டு போக விட்டு, அடுத்து வருவதைப் பிடிப்பார்கள். அடுப்பு படகோடு சாயாமல் ஊஞ்சலாகத் தொங்கும். அப்படியும் சமைப்பவர் இடுப்பில் வார் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

வட பசிபிக்கின் கோடைக்கு இன்னொரு குணம் உண்டு. தெற்கிலிருந்து வரும் ஈரமான வெப்பக்காற்று குளிர்ந்த கடல்மேல் பரவும்போது பனிமூட்டம் இறங்கும். நாட்கணக்கில் சூரியன் தெரியாது. சூரியன் தெரியாவிட்டால் செக்ஸ்டன்டும் பயன்படாது. ஓடிய நேரத்தையும் வேகத்தையும் பெருக்கி, வரைபடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, இங்கேதான் இருப்போம் என்று நம்ப வேண்டும். சூரியன் தெரிகிற நாளிலும் கடிகாரம் துல்லியமாக இருக்க வேண்டும்: நேரத்தில் நான்கு வினாடி தவறினால், நிலநடுக்கோட்டில் ஒரு கடல்மைல் தவறும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் கடல் கைவிடுவது உண்டு. இங்கிலாந்தின் டெர்பியைச் சேர்ந்த மாரிஸ் பெய்லியும் மாரலின் பெய்லியும் வீட்டை விற்று 31 அடிப் படகு வாங்கி, இருவர் பெயரையும் இணைத்து ‘ஆரலின்’ என்று பெயர் சூட்டி, 1972இல் நியூசிலாந்தை நோக்கிப் புறப்பட்டார்கள். வெளியுலகத்தின் தொல்லை வேண்டாம் என்று மாரிஸ் ரேடியோ அனுப்பியைப் படகில் வைக்கவில்லை. மாரலினுக்கு நீச்சலே தெரியாது. பனாமா கால்வாயைத் தாண்டி கலாபகஸ் தீவுகளை நோக்கிப் போகும்போது, 1973 மார்ச் 4 அன்று காலை ஒரு திமிங்கிலம் மோதி அடிப்பலகை உடைந்தது. ஒரு மணி நேரத்துக்குள் படகு மூழ்கியது. காற்றடித்த உயிர்காப்பு மிதவை ஒன்று, காற்றடித்த சிறு ஓடம் ஒன்று. கையில் கிடைத்த டப்பா உணவும் கொஞ்சம் தண்ணீரும். 117 நாள் அப்படி மிதந்தார்கள்.

சட்டை ஊக்கை வளைத்துத் தூண்டில் செய்தது மாரலின். ஆமைகளையும் கடற்பறவைகளையும் கையால் பிடித்துத் தின்றார்கள். கப்பல்கள் கண்ணெதிரே கடந்து போயின, நிற்கவில்லை. மாரிஸ் பலமுறை மனம் தளர்ந்துபோனார். பிழைப்போம் என்பதில் மாரலின் மட்டும் அசையவில்லை. காகிதத்தில் சீட்டுக்கட்டு செய்தார். ஊர் திரும்பியதும் யாருக்கு என்ன விருந்து சமைப்பது என்று பட்டியல் போட்டார். அடுத்த படகின் உள்ளறைகளை வரைந்தார். ஜூன் 30 அன்று ‘வோல்மி 306’ என்ற தென்கொரிய மீன்பிடிக் கப்பல் அவர்களைத் தூக்கியெடுத்தது. மிதவையில் வரைந்த அந்த அடுத்த படகை உண்மையிலேயே கட்டி, ‘ஆரலின் II’ என்று பெயரிட்டு மறுபடியும் கடலுக்குப் போனார்கள்.

ரேடியோ இல்லாமல் போனதை வீரம் என்று சொல்வதற்கில்லை. இன்று அவசரநிலை செயற்கைக்கோள் கருவியை 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயக்கினால், படகு இருக்கும் இடம் மீட்பு மையத்துக்குத் தெரிந்துவிடும். பெரிய கப்பல்கள் தம் இடத்தையும் வேகத்தையும் தாமே அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி, காவலில் இருப்பவர் கண் அசந்தாலும் மணி அடித்து எழுப்பும். அப்படியும் யாராவது ஒருவர் விழித்திருக்கத்தான் வேண்டும். மிதக்கும் மரத்துண்டும் தவறி விழுந்த சரக்குப் பெட்டியும் ஏஐஎஸ்ஸில் தெரியாது.

கணவன் மனைவியாக இல்லாவிட்டாலும் இதே கணக்கைப் போட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இந்தியக் கடற்படையின் 56 அடிப் பாய்மரப் படகான ‘தாரிணி’ 2017–18இல் உலகைச் சுற்றியபோது அதில் ஆறு பெண் அதிகாரிகள் இருந்தார்கள். அடுத்த தடவை அதே படகில் இருவரே. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி ஒருவர், கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா இன்னொருவர். ஆறு பேர் பகிர்ந்துகொண்ட காவலை இரண்டு பேர் சுமந்தார்கள், அதுவும் பார்டி தம்பதியின் ‘செராஃபின்’ படகைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நீளமான படகில். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் புறப்பட்டு, ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேண்டில், நியூசிலாந்தின் லிட்டல்டன், ஃபாக்லாந்துத் தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வழியாக, கேப் ஹார்னையும் சுற்றிக்கொண்டு, 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள்.

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள தமிழ்நாட்டிலும், கடலையே முற்றமாகக் கொண்ட புதுச்சேரியிலும் ரூபாவின் பெயர் தெரிந்த பள்ளிப்பிள்ளைகள் எத்தனை பேர்? நம் பாடப்புத்தகங்களில் மெகல்லனுக்கும் வாஸ்கோ ட காமாவுக்கும் இடம் இருக்கிறது. அடுத்த முறை பாடநூல் எழுத உட்காருபவர்கள் தாரிணியின் இந்தப் பயணத்துக்கும் நான்கு பக்கம் ஒதுக்க வேண்டும்.